இடது பக்கத்தில் கடல்

காரைக்காலில் அந்த மதாமை என்னைவிட அதிகமாக வெறுத்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதியே அதுதான். பிடித்தவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அங்கங்கே பூசி மெழுகத் தோன்றும். வேண்டாதவர்களின் முகத்தில் ஒரு கோடுகூட மறப்பதில்லை. இடது கன்னத்தில் மிளகளவு மச்சம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறிப் பழுப்பேறிய நகங்கள், பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் காது மடலைப் பார்க்கும் பழக்கம். இத்தனை வருடம் ஆகியும் எல்லாம் அப்படியே இருக்கிறது.

மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைப் போல மாநிறம்தான். மாதா கோயிலுக்குப் பின் தெருவில் பிறந்து வளர்ந்தவர். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தாவின் மனைவி மதாம் ஆனார். அந்த மனிதர் பிரான்சிலிருந்து ஒரு பெரிய மடக்குக் காமிராவையும் அதை நிறுத்தும் மர முக்காலியையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிறகு அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார். மதாம் அழவில்லை, மாதா கோயில் சாமியாரிடம் போய் முறையிடவும் இல்லை. வீட்டின் முன்னறையில் கறுப்புத் திரை கட்டி ஸ்டுடியோ திறந்தார்.

பதினோரு வருடம் கழித்து, நுரையீரல் கெட்டுப்போய் அந்த மனிதர் திரும்பி வந்தார். மதாம் பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். வேளாவேளைக்குச் சோறு, மீன் குழம்பு, மருந்து, துவைத்த வேட்டி எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் கிடையாது. ஆறு வருடம், ஒரு வார்த்தை கிடையாது. கடைசி நாட்களில் அவர் கட்டிலில் கிடந்தபடி, "ஏதாவது சொல்லேன், திட்டவாவது செய்யேன்" என்று கெஞ்சியது தெருவுக்கே கேட்டதாம். நான் அந்த வீட்டுக்குள் முதன்முதலில் கால் வைத்தபோது அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் கிடந்த அறையை மதாம் படம் கழுவும் டார்க்ரூமாக மாற்றியிருந்தார்.

இந்தக் கதையை முதலில் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நெடுங்காட்டில் எங்களுக்கு நஞ்சை நிலம். அப்பாவுக்கு நான் வயலில் இறங்காமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனதில் பெருமை. எனக்கு அந்த உத்தியோகம் வேப்பங்காய். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடும் குமாஸ்தா வேலை. மிச்சம் பிடித்து ஒரு சின்னக் காமிரா வாங்கியிருந்தேன். படம் கழுவிப் பிரிண்ட் போட இடம் கேட்டு மதாமிடம் போனேன். என் காது மடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை காலைல வாங்க தம்பி. நான் பூசைக்குப் போயிருவேன். டார்க்ரூம் சும்மாதான் கெடக்கும்."

இரண்டு வருடம் போனேன். அவர் செய்யும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எதிலும் அவசரம் கிடையாது. ஒரு முகத்தின் பருவைப் பென்சிலால் தட்டித் தட்டி மறைக்க அரை நாள் எடுத்துக்கொள்வார். எனக்குக் கை பரபரக்கும். ஷட்டரைத் திறந்த கையோடு மூடிவிடுவேன். அதற்காகவே ஒரு வாக்கியம் வைத்திருந்தார். என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

"தெறந்து வச்சிட்டுப் பொறுமையா இருங்க தம்பி. வர்றது தானா வந்து பதியும்."

படம் எடுப்பதற்கு மட்டும் சொன்ன வார்த்தை என்று நினைத்தேன்.

ஸ்டுடியோ வாசலில் தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. மதாமுக்குப் பிடித்தவர்கள் அதில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிடிக்காதவர்களும் அதில்தான் இருப்பார்கள். அவரை ஒருமுறை "ஏய்" என்று கூப்பிட்ட வக்கீல் ஒருவர், கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, தூக்கத்தில் எச்சில் வடியப்போகிற கோலத்தில் ஒன்பது வருடம் அந்தப் பெட்டியில் இருந்தார். கோர்ட்டுக்குப் போக அவர் வேறு தெரு பிடித்துக்கொண்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொம்பள படம் புடிச்சா கல்யாணம் வெளங்குமா?" என்று சொல்லி மதாமைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டார். ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் சித்தப்பா இருந்தார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. ஒரு படத்திலும் கழுத்துக்கு மேல் இல்லை. சண்டைக்கு வந்தவர்களுக்கு மதாம் மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"அவரு ஒசரம். நான் குள்ளம். எட்டுனவரைக்கும்தான எடுக்க முடியும்?"

நான் டார்க்ரூமுக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்தவனுக்கு நடக்கும்போது இதெல்லாம் நல்ல வேடிக்கைதான்.

இவ்வளவும் பிழைப்புக்கான படங்கள். தனக்கென்று அவர் எடுத்தது ஒன்றே ஒன்றைத்தான். இரவு வானம்.

தை, மாசியில் மழையெல்லாம் ஓய்ந்து வானம் தெளிந்துவிடும். அமாவாசையை ஒட்டிய நாட்களில், காமிராவையும் முக்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்குப் போவார். அந்த மீனவர் குப்பத்தில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி விளக்குகள் கிடையாது. வயதான கட்டுமரக்காரர் ஒருவர் துணைக்கு இருப்பாராம். காமிராவை மணலில் ஊன்றி, வானத்தையும் கரையையும் சேர்த்து வைத்து, ஷட்டரைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பனியில் லென்ஸ் வேர்த்துப்போகாமல் இருக்க, ஒரு சின்ன மண்சட்டியில் கரி நெருப்பு போட்டு லென்ஸுக்குக் கீழே கம்பியில் தொங்கவிடுவார். கடிகாரம் பார்க்க விளக்கு ஏற்றினால் படம் கெட்டுவிடும். அதனால் ஜெபமாலை சொல்லி நேரம் கணக்கிடுவார். ஒன்பது முழு ஜெபமாலை ஒரு படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். அவ்வளவு நேரத்தில் நட்சத்திரங்கள் நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு வளைகோடாகப் பதிந்துவிடும்.

"ஒம்போது ஜெபமாலையா! யாருக்காக மதாம் வேண்டிக்கிட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டிக்கிறதா? வாய் பாட்டுக்குச் சொல்லும். மனசுல, யார் யாரு எனக்கு என்னென்ன பண்ணாங்கன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்குவேன். மறந்துறக் கூடாது பாருங்க."

சிரிக்காமல்தான் சொன்னார்.

"அது சரி, வானத்த எதுக்கு எடுக்குறீங்க? யாரும் வாங்க மாட்டாங்களே."

"பகல்ல எல்லாரும் மூஞ்சியச் சரிபண்ணிக்கிட்டுதான் வந்து உக்காருறாங்க தம்பி. வானத்துக்கு நாம பாக்குறதே தெரியாது."

இரண்டு முறை என்னையும் கூப்பிட்டார். "ஒரு ராத்திரி வந்து பாருங்களேன். வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டுப் படம் கத்துக்க முடியுமா?" பனி ஒத்துக்கொள்ளாது என்று ஒரு முறை சொன்னேன். அடுத்த முறை நெடுங்காட்டில் நடவு என்றேன். உண்மையில் மூன்று மணி நேரம் மணலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. அந்த இரண்டு மறுப்புக்கும் சேர்த்து நான் பின்னால் அனுபவித்தது கொஞ்சநஞ்சம் அல்ல.

அந்த வருடம் ஒரு நெகடிவைக் கழுவி எடுத்து, சிவப்பு விளக்கின் முன்னால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். கையகல ஃபிலிம். கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்றிருந்தன. தலைகீழாக, வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாகப் பார்த்ததற்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன், வயிறு எரிந்தது.

"பிரிண்ட் போடுங்க மதாம். பொருட்காட்சில போட்டோப் போட்டி வருது. இத அனுப்புங்க."

"பொறுங்க. இன்னும் சரியா வரல."

உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டியை மூடினார்.

பொருட்காட்சிப் போட்டிக்கு நான் அனுப்ப வைத்திருந்தது, சேற்றில் நிற்கும் ஒரு காளை மாட்டின் படம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் புகைப்படக்காரர் பதவி ஒன்று புதிதாக வரப்போவதாகப் பேச்சு இருந்தது. போட்டிக்கு எங்கள் அதிகாரியும் ஒரு நடுவர். பரிசு வாங்கினால் அந்த நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் ஓய்வுபெறும்வரை கோப்புக்கு எண் போடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாம் பூசைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். பூசை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நெகடிவை எடுத்து, என்லார்ஜரில் வைத்து, பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, நெகடிவைத் திரும்ப உறையில் வைக்க வேண்டும். மருந்து பூசிய பக்கம் மங்கலாகவும் பின்பக்கம் பளபளப்பாகவும் இருக்கும், எதைக் கீழே வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். மதாமோ பென்சில் வேலைக்காக இரண்டு பக்கமும் வார்னிஷ் தடவி, இரண்டையும் மங்கலாக்கி வைத்திருப்பார். எனக்கு எந்தப் பக்கம் என்று நின்று பார்க்க நேரம் இல்லை. வைத்தேன், போட்டேன். கோயில் மணி அடித்தபோது பிரிண்ட்டை ஈரத்தோடு சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

படம் அற்புதமாக இருந்தது. இடது பக்கம் கடல், மூன்று மணி நேர அலைகள் எல்லாம் கலந்து பனிமூட்டம்போல. வலது பக்கம் மூன்று பனைமரங்கள், அதில் ஒன்று மொட்டைப் பனை. நடுவில் மணலில் கட்டுமரங்கள். மேலே, தாழ்வான ஒரு புள்ளியைச் சுற்றி நட்சத்திரங்கள் போட்ட வட்டங்கள். கீழ் மூலையில் வெள்ளை மையால் என் பெயரை எழுதினேன், தேவைக்குமேல் கொஞ்சம் பெரிதாகவே. படிவத்தில் தலைப்பு கேட்டிருந்தார்கள். நான் அந்தக் கரையை மிதித்ததே இல்லை. ஆனாலும் கணக்குத் தெரியாதா? நமக்குக் கடல் கிழக்கே. படத்தில் கடல் இடது பக்கம். அப்படியானால் எடுத்தவர் தெற்கே பார்த்து நின்றிருக்கிறார். "தெற்கு நோக்கி: கோட்டுச்சேரிமேட்டில் ஓர் இரவு" என்று எழுதினேன்.

முதல் பரிசு.

மதாம் பொருட்காட்சிக்கு வந்தார். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றார். நான் நாலு எட்டு தள்ளி, தூணோடு தூணாக நின்றேன். கத்துவார், அதிகாரியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தார். கீழே என் பெயரைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். தெற்கு என்ற வார்த்தையில் அவர் கண் சற்று நின்றது. பிறகு திரும்பி என் காது மடலைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

புகைப்படக்காரர் நாற்காலி எனக்குக் கிடைத்தது. படத்தைச் சட்டம் போட்டு அலுவலக வரவேற்பறையில் மாட்டினார்கள். நான் தினமும் ஸ்டுடியோ தெரு வழியாகச் சைக்கிளில் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பேன். என் படம் அதில் வந்துவிட்டதா என்று. வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தெருவில் எதிர்ப்பட்டால், "ஏன் தம்பி ஞாயித்துக்கெழமை வர்றதில்ல? டார்க்ரூம் சும்மாதான் கெடக்குது" என்று விசாரிப்பார். எனக்குச் சோறு இறங்காது. மறந்துவிட்டார் என்று நினைக்க ஆசைப்படுவேன். உடனே அந்தச் சொல்தா படுத்திருந்த கட்டில் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டு வருடத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பரிசு வாங்கிய மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மதாம் தானாக வந்தார். "உங்க கல்யாணத்துக்கு நான்தான் எடுப்பேன். கூலி வேணாம், என் அன்பளிப்பு." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தலை போகப்போகிறது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தேன்.

ஆல்பம் வந்தது. தலை இருந்தது. கண் திறந்திருந்தது. இவ்வளவு நன்றாக என்னை யாரும் எடுத்ததில்லை. மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். திடீரென்று என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, நான் ஏன் முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கேன்?"

எல்லோரும் குனிந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தது. சட்டைப் பைகள் எல்லாம் வலப்பக்கம். பந்திப் படத்தில் மாமியார் விரலை வைத்து, "ஐயையோ, மாப்ள பீச்சாங்கையால சாப்புடுறாரே!" என்றார். குழந்தைகள் உருண்டு சிரித்தன. நான் பெரிய நிபுணன் தோரணையில் விளக்கினேன். "பயப்படாதீங்க. நெகடிவத் திருப்பி வச்சிப் பிரிண்ட் போட்டுட்டாங்க. எடது வலதாத் தெரியுது, அவ்வளவுதான்." சொல்லி முடிப்பதற்குள் ஆல்பத்தை மூடிவிட்டேன். மதாமுக்குக் கைதவறி எதுவும் நடக்காது. இது எனக்கு எழுதிய கடிதம்.

மறுநாளே கோட்டுச்சேரிமேட்டுக்குச் சைக்கிளில் போனேன். வாழ்க்கையில் முதன்முறையாக. நல்ல வெயில். மொட்டைப் பனையோடு மூன்று பனைகளையும் கண்டுபிடித்து, அவற்றுக்கு வடக்கே போய், தெற்கே பார்த்து நின்றேன். இடது பக்கம் கடல். வலது பக்கம் பனை. அச்சு அசலாக என் படம்! வீண் பயம், கிழவி சும்மா மிரட்டியிருக்கிறாள் என்று தோன்றியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. நெகடிவை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். ஸ்டுடியோவுக்குப் போனேன். மதாம் காப்பி கொடுத்தார்.

"என்ன தம்பி, ஏதாவது பாக்கணுமா?"

அந்த நெகடிவைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

"ஒண்ணும் இல்ல மதாம். சும்மாதான்."

"சும்மா வந்ததுக்கு சந்தோஷம்" என்றார்.

அடுத்த ஆறு வருடமும் அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் அதில் என்ன தப்பு என்று தேடினேன். கடல் சரி, பனை சரி, கட்டுமரம் சரி. வரவேற்பறைப் பக்கம் போவதையே பிறகு விட்டுவிட்டேன்.

பரிசு வாங்கிய எட்டாம் வருடம் மதாம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நேராக அதிகாரி அறைக்குப் போனார். மீனவ கிராமங்களுக்குக் கொடுப்பதற்காகக் காலண்டர் அச்சடிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சாமி படம் போட்டால் ஒருவருக்கு ஆகும், ஒருவருக்கு ஆகாது என்று அதிகாரி குழம்பிக்கொண்டிருந்தார். மதாம் அதை எப்படித் தெரிந்துகொண்டாரோ. "உங்க ஆபீஸ் தம்பி எடுத்த படம் வாசல்லயே தொங்குதே சார். கடலு, கட்டுமரம், வானம். அவங்களுக்கு அதவிட வேற என்ன வேணும்?" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்று எவ்வளவோ மன்றாடினேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

காலண்டர் வழங்கும் விழாவைக் கோட்டுச்சேரிமேட்டிலேயே வைத்தார்கள். சாயங்காலம். பந்தல், ஒலிபெருக்கி, எனக்கு ஒரு மாலை. மதாம் பெண்கள் பக்கம், முன்வரிசையில், மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலண்டர்கள் கைமாறிப் போயின. முதலில் ஒரு சலசலப்பு. பிறகு நடுவயதுக்காரர் ஒருவர் காலண்டரோடு மேடைக்கு அருகில் வந்தார்.

"சார், இது நீங்க எடுத்ததா?"

"ஆமா."

"எங்கன நின்னு எடுத்தீங்க?"

"இங்கதான். கரையில நின்னு, தெக்க பாத்து."

"தெக்க பாத்தா?" அவர் வட்டங்களின் நடுவில் இருந்த புள்ளியில் கட்டை விரலை வைத்தார். "இது வடமீனு சார். எல்லா மீனும் நகரும், இது ஒண்ணுதான் நின்ன எடத்துல நிக்கும். இதச் சுத்தித்தான் மத்ததெல்லாம் சுத்தும். இது எப்புடி தெக்க வந்துச்சு?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, வடக்கே பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தார்.

"வடமீனப் பாத்து நின்னா நமக்குக் கடலு சோத்துக்கைப் பக்கம். பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அப்புடித்தான். ராத்திரி கரை திரும்புறதே அதப் பாத்துதான். சார் படத்துல கடலு பீச்சாங்கைப் பக்கம் கெடக்கு! கடலத் தூக்கி அந்தாண்ட வச்சிட்டாரு!"

பந்தல் அதிர்ந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எட்டு வருடம் தேடிய தப்பு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பு வானத்தில் இருந்தது. அங்கே ஒரே ஒரு இரவு வந்து உட்கார்ந்திருந்தால், எந்தப் பக்கம் பார்த்துக் காமிராவை வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அவர் விடவில்லை. "இது அந்த ஸ்டுடியோ மதாம் எடுத்ததுல்ல? நெருப்புச் சட்டியத் தொங்கவிட்டுக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டுக் குந்தியிருப்பாங்க. எங்கப்பாதான தொணைக்கு இருந்தாரு. சார இந்தப் பக்கம் ஒரு நாளும் பாத்ததில்லையே." அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மதாமைப் பார்த்தேன். அவர் முதன்முறையாக என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரமே பழைய மேசை, பழைய கோப்புகள். ஊரில் எனக்குப் பீச்சாங்கை சார் என்று பெயர். என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தான். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பிரதியை என் மனைவி கழற்றிப் பரணில் போட்டாள். "வலது தோள்ல முந்தானை ஏன்னு அன்னைக்கே கேட்டேன்" என்றாள்.

நான் மதாம் வீட்டுக்குப் போனேன். அடிக்கக்கூடப் போயிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். அவர் மேசையில் குனிந்து யாருடைய பருவையோ மறைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷம்! மொத நாளே சொல்லியிருக்கலாமே! அடிச்சிருக்கலாமே! என் பொழப்பையே..."

"நான் ஒண்ணும் பண்ணலியே தம்பி. தெறந்து வச்சேன், அவ்வளவுதான். இப்பதான் மூடினேன்." பென்சிலை ஊதிக் கீழே வைத்தார். "காப்பி சாப்புடுங்க."

அதிகாரி மதாமிடம் ஆளனுப்பி அந்தப் படத்தின் சரியான பிரிண்ட்டைக் கேட்டாராம். மதாம் பெயரோடு மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மதாம் மறுத்துவிட்டார். "அது இன்னும் சரியா வரல." அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவருக்குப் படம் வேண்டியிருக்கவில்லை, பேரும் வேண்டியிருக்கவில்லை. நான்தான் வேண்டியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் மதாம் இறந்தார். புதுச்சேரியிலிருந்து வந்த தங்கை மகன் என்னைத் தேடி வந்தான். கல்லறையில் பதிக்க ஒரு பீங்கான் படம் செய்யக் கொடுக்க வேண்டும், அதற்கு நல்ல பிரிண்ட் வேண்டும், டார்க்ரூம் வேலை தெரிந்தவர் நீங்கள்தான் என்கிறார்கள் என்றான். என்னைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோயிலில் அடக்கப் பூசை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் டார்க்ரூமில் தனியாக இருந்தேன். அதே பெட்டி. வானத்தின் உறை தட்டுப்பட்டது, தொடவில்லை. அடியில் அவர் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருந்தது. நெகடிவை என்லார்ஜரில் வைத்தேன். இந்த முறை எந்தப் பக்கம் என்று நன்றாகப் பார்த்தேன். நிதானமாக, அவர் சொல்லிக் கொடுத்தபடியே அவசரமில்லாமல், வேண்டுமென்றே திருப்பி வைத்தேன். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போனது. கணக்கு தீர்ந்தது என்று வாய்விட்டுச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

படத்தைக் கல்லறையில் பதித்தார்கள். தங்கை மகன் தத்ரூபம் என்றான். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தெருவே வந்து பார்த்தது. நாற்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்தவர்கள், மச்சம் இடம் மாறியதைக் கவனிக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் கல்லுக்குக் கீழே இருந்தார்.

கல்லறைத் திருநாள் அன்று வருடா வருடம் போகிறேன். நான் இந்துதான், ஆனாலும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போகிறேன். எல்லாக் கல்லறையிலும் ஜெபம் நடந்துகொண்டிருக்கும். நான் அந்த வட்டப் படத்தின் முன்னால் நின்று மச்சத்தைப் பார்ப்பேன். திருப்பிப் போட்டதில் பார்வையும் மாறிவிட்டதோ என்னவோ. காது மடலைத் தாண்டி, நேராக என் கண்ணைப் பார்க்கிறார். நான் காத்துக்கொண்டு நிற்கிறேன். மதாம் ஒன்றும் சொல்வதில்லை.

எப்போதுமே அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார்.